சந்தனம் வைத்த டிஸ்க்

ஆழ்துளைக் கிணற்றுக்குள் கேமரா இறக்கிப் பார்ப்பது என் தொழில். எங்கள் பக்கம் போர் கேமரா என்பார்கள். சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் எங்கள் ஊர். ரிக் வண்டிக்காரர்கள் துளை போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு தண்ணீர் நின்றுபோனாலோ, மோட்டார் உள்ளே சிக்கிக்கொண்டாலோ தோட்டத்துக்காரர்கள் எங்களைக் கூப்பிடுவார்கள். எங்களை என்றால் என்னையும் என் அண்ணனையும்.

துளையின் வாயில் முக்காலி வைத்து, கேபிள் சுற்றிய உருளையைப் பிடித்து, கேமராவை இறக்குவது அண்ணன். வேனுக்குள் உட்கார்ந்து திரையைப் பார்ப்பது நான். எனக்குப் பேச வராது. பத்தாவது வரை படித்தபோதும் வாத்தியார் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பேனே தவிர வாய் திறக்க மாட்டேன். அண்ணன் அதற்கு நேர் எதிர். தோட்டத்துக்காரர்களிடம் பேசுவதெல்லாம் அவர்தான்.

எங்கள் கேமராவில் ஆழம் காட்டும் மீட்டர் முதல் வருடத்திலேயே கெட்டுப்போனது. அண்ணன் அதை மாற்ற விடவில்லை. கேபிளில் பத்து அடிக்கு ஒரு சிவப்பு டேப் ஒட்டினார். டேப் விரலில் தட்டும்போது வாய்விட்டுச் சொல்வார். அவர் சட்டைப் பையில் ஒயர் இல்லாத ஒரு சின்ன மைக் இருக்கும். படத்தோடு அவர் குரலும் பதிவாகும். "நூறு... நூத்திப்பத்து... நூத்தியிருவது, ஈரம் தெரியுதா பாரு..." இப்படி ஒன்பது வருடம் எண்ணியிருக்கிறார். பதிவுகளில் ஆழம் தெரிய அந்தக் குரலைத் தவிர வேறு எதுவும் கிடையாது.

உள்ளே இறங்குவதைப் பார்க்காதவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். விளக்கு வெளிச்சம் விழுகிற வட்டம் மட்டும் தெரியும். சுற்றிலும் பாறை. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. எவ்வளவு இறங்கினாலும் அந்தப் புள்ளி அதே தூரத்தில்தான் இருக்கும். சில துளைகள் மூச்சு விடும். பக்கத்துத் தோட்டத்தில் புதிதாக ரிக் ஓடும்போது, இந்தப் பழைய துளையின் வாயிலிருந்து வெள்ளைப் புழுதி மெல்ல வந்து அடங்கும். கீழே எங்கேயோ இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். தெரிந்த விஷயம்தான். ஆனாலும் முதல் தடவை பார்த்தபோது நான் வேனை விட்டு இறங்கவில்லை.

அண்ணன் இறந்தது ஒரு மாசி மாதம், காலை பதினோரு மணிக்கு, வேலை செய்துகொண்டிருந்தபோது. தோட்டத்துக்காரரும் அவர் மனைவியும் தங்கள் காரில் ஏற்றிச் சங்ககிரிக்குக் கொண்டுபோனார்கள். நான் கூடப் போகவில்லை. "கல்லு பேந்து உளுகுது. கேமராவ அப்படியே உட்டுட்டு வராத, ஏத்திட்டு வா" என்று அண்ணனே சொன்னார். நான் கேமராவைச் சுற்றி மேலே எடுத்துவிட்டு வேனில் போய்ச் சேர்ந்தபோது அவர் இல்லை. சட்டையையும் மைக்கையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவோம். காரியம் எல்லாம் முடிந்த பிறகு நங்கை அந்தத் தோட்டத்துக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். "கடைசியா என்னங்க பேசுனாரு?"

"கார்ல ஏறுனதுல இருந்து என்னமோ மொனகிட்டே வந்தாருங்க அம்மிணி. என்னன்னு எனக்குப் புரியல" என்றார் அவர்.

நங்கை என்னிடம் திரும்பினார்கள். "மைக்கு அவரு பையிலதானுங்களே தம்பி இருந்துச்சு? அன்னைக்குப் பதிவாயிருக்குமில்ல?"

"அன்னைக்கு ஆன் பண்ணலீங்க நங்கை" என்றேன்.

அது பொய். பதிவு இருந்தது. நான் அதைப் பாதிவரை கேட்டிருந்தேன். அறுநூற்று நாற்பது அடியில் அண்ணன், "டேய், நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதுடா. ஏத்திரலாமா?" என்கிறார். தூரத்தில், வேனுக்குள்ளிருந்து, ஒரு குரல் வருகிறது. "இன்னும் நூத்தம்பது அடிதானுங்ணா. முடிச்சரலாம்."

ஒன்பது வருடப் பதிவுகளில் என் குரல் கேட்கிற இடங்கள் குறைவு. அது அவற்றில் ஒன்று. அதற்கு மேல் கேட்க முடியாமல் நிறுத்திவிட்டேன்.

பதிவுகளைப் பத்திரமாகப் போட்டு வைக்க ஒரு பெட்டி வாங்கியது அந்த ஆடியில். வாங்கச் சொன்னதே நங்கைதான். பதிவுகள் எல்லாம் ஏழெட்டு ஹார்ட் டிஸ்க்குகளில் பீரோவுக்குள் கிடந்தன. ஒன்று ஏற்கெனவே கிர்கிர் என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. அதில் இருந்த எண்பது தொண்ணூறு போர்கள் போயின. இரண்டு வருடம் கழித்து ஒருவர் போன் செய்து, "எங்க போர்ல எத்தன அடியில கல்லு நீட்டிட்டு இருந்துச்சுங்க? மோட்டாரு எறக்கோணும்" என்று கேட்பார். அந்த இடத்தில் அண்ணன் குரல் இல்லாவிட்டால் என்னிடம் பதில் இல்லை. எனக்கு அது தொழிலுக்கு வேண்டியது. நங்கைக்கு வேண்டியது வேறு. "அவரு கொரலு எங்கயும் தொலஞ்சிரக் கூடாது" என்று என்னோடு பஸ் ஏறி வந்தார்கள்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடியில் இருந்தது அந்தக் கடை. கடைக்காரர் மேசைமேல் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். நெட்வொர்க் ஸ்டோரேஜ் என்றார், சுருக்கமாக நாஸ். வீட்டு வைஃபையில் மாட்டிவிட்டால் கம்ப்யூட்டர், போன் எதிலிருந்தும் திறந்து பார்க்கலாம். ஒரு பெட்டி விலை குறைவு. அதற்குள் ஒரே டிஸ்க், வெளியே எடுக்க முடியாது. இன்னொன்றில் முன்பக்கம் இரண்டு தட்டுகள். அழுத்தினால் மேசை இழுப்பறைபோல வெளியே வந்தன. ஒவ்வொரு தட்டிலும் ஒரு டிஸ்க்.

நங்கைதான் கேட்டார்கள். "ரெண்டு எதுக்குங்க? ஒண்ணு ஸ்டெப்னிங்களா?"

கடைக்காரர் சிரித்தார். "சங்ககிரிக்காரங்களா? லாரி ஊரு, அப்ப ஈஸியா புரியும்ங்க. ஸ்டெப்னி இல்ல. லாரிக்குப் பின்னாடி டபுள் வீல் இருக்குதில்ல, அது. ரெண்டும் ஒண்ணாவே ஓடும். இதுல எழுதறது அப்படியே அதுலயும் எழுதும். ஒண்ணு பஞ்சர் ஆனாலும் வண்டி நிக்காது."

"அப்பப் பயமே இல்லைங்க."

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. இதுல அழிச்சா அதுலயும் அழியும். நெனப்பில வெச்சுக்கோங்க. அதனால ஸ்டெப்னி தனியா வேணும். இன்னொரு காப்பி, இன்னொரு ஊட்ல. காப்பி எடுத்தா மட்டும் பத்தாது, தொறந்து கடேசி வரைக்கும் ஓட்டிப் பாக்கோணும். நெறையப் பேரு எடுத்து வெச்சுட்டுத் தொறக்கவே மாட்டாங்க. தேவைப்படற அன்னைக்குத் தொறந்தா உள்ள ஒண்ணும் இருக்காது."

எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பதற்கென்று செய்த டிஸ்க்தான் போட வேண்டும் என்றார். கரண்ட் போனால் பத்து நிமிடமாவது தாங்குகிற யுபிஎஸ் வேண்டும் என்றார். டிஸ்க் ஒன்று கெட்டால் பெட்டி கத்தும், முன்னால் ஆரஞ்சு விளக்கு எரியும். அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தட்டுப் பெட்டியை எடுத்தோம். எங்கள் பழைய டிஸ்க்குகளை எல்லாம் அவரே ஒட்டுமொத்தமாக அதில் ஏற்றிக் கொடுத்தார். அந்த மாசி மாதப் பதிவும் அதோடு சேர்ந்து ஏறியது. ஸ்டெப்னியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பெட்டியை முன்அறையில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தோம். யாரும் தொடாமலே அது வேலை செய்யும். வாரத்தில் ஒருநாள், காலை பதினோரு மணி வாக்கில், உள்ளே டிக், டிக் என்று சீராகச் சத்தம் வரும். டிஸ்க் தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்கிறது என்று கடைக்காரர் போனில் சொன்னார். அந்த நாளையும் நேரத்தையும் வைத்தது அவர்தான். என் மனைவி முதல் தடவை அதைக் கேட்டுவிட்டு, சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள்.

"உங்கண்ணன் எறக்க ஆரம்பிச்சிட்டாரு" என்றாள். விளையாட்டுக்குச் சொன்னதுதான். இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அரிவாள்மனையிலிருந்து வேன் சாவி வரை எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்துச் சாமி முன்னால் வைப்போம். தொழில் சாமான் ஒன்றுகூட விடுபடக் கூடாது. பெட்டியை நிறுத்தி, இரண்டு தட்டுகளையும் உருவி, ஈரமில்லாத துணியால் துடைத்து, ஒவ்வொரு டிஸ்க்கின் முதுகிலும் ஒரு சந்தனப் பொட்டு வைத்து, செவ்வந்திப் பூவோடு தாம்பாளத்தில் வைத்தாள் என் மனைவி. பெட்டியின் முகத்திலும் வரிசையாகப் பொட்டு வைத்தாள். பூஜை முடிந்ததும் தட்டுகளைத் திருப்பிச் சொருகி ஆன் செய்தோம். பீப், பீப் என்று கத்தியது.

"மணி அடிக்குது பாருங்க. அதுக்கே பக்தி வந்துருச்சு" என்றாள்.

கடைக்காரருக்குப் போன் செய்திருக்க வேண்டும். பூஜை நாளில் ஒருத்தரைத் தொந்தரவு செய்வானேன் என்று எனக்குக் கூச்சம். திரையில் வந்த இங்கிலீஷைப் படிக்காமலே சத்தத்தை நிறுத்தும் பட்டனை அழுத்தினேன். சத்தம் நின்றது. பதிவுகள் எல்லாம் வழக்கம்போலத் திறந்தன. ஆரஞ்சு விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன், எரியவில்லை. எரியாமல் என்ன, எரிந்துகொண்டுதான் இருந்தது. அதன்மேல் சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. அதைத் துடைக்க யாருக்கும் தோன்றவில்லை. சாமிக்கு வைத்ததை யார் துடைப்பார்கள்?

கார்த்திகையில் நங்கை வந்தார்கள். "எனக்குப் பொழுது போகல தம்பி. நான் வந்து ஒக்காந்து ஒண்ணொண்ணாக் கேக்கறேனுங்க. அன்னைக்குது எங்கயாச்சும் கலந்து கெடக்கும்."

"நாளைக்கு வாங்க நங்கை" என்றேன்.

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு உள்ளே வந்து, அந்த மாசி மாதப் பதிவை அழித்தேன். கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தேன். அது முதலில் இருந்த பழைய டிஸ்க்கிலிருந்தும் அழித்தேன். இதுல அழிச்சா அதுலயும் அழியும். அன்று அந்த வார்த்தை எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் முதல் நங்கை தினமும் காலையில் வந்தார்கள். முன்அறையில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, பாறைச் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். வீடு முழுக்க எண்களாக இருந்தது. நானூறு, நானூத்திப்பத்து. என் மனைவி அந்த வேகத்திலேயே வெங்காயம் நறுக்க ஆரம்பித்துவிட்டாள். சிலிண்டர் போட வந்தவர், "அண்ணன் ஊருக்கு வந்துட்டாருங்களா?" என்று கேட்டார். அவருக்கு விஷயம் தெரியாது. என் மனைவி பணத்தைக் கொடுத்து அனுப்பினாள். சில நாள் கழித்து, அண்ணன் சொல்வதற்கு ஒரு கணம் முன்னால் நங்கையின் உதடு அந்த எண்ணைச் சொல்வதைப் பார்த்தேன்.

தை முடிய எல்லாம் கேட்டுவிட்டார்கள். "அன்னைக்குது மட்டும் இல்லீங்களே" என்றார்கள்.

நான் மீட்டர் உள்ள புதுக் கேமரா வாங்கித் தனியாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். புதுப் பதிவுகளில் குரல் கிடையாது. மூலையில் எண் மட்டும் ஓடும்.

அடுத்த ஆயுத பூஜை. அதே துணி, அதே தாம்பாளம். என் மனைவி டிஸ்க்குகளை எடுத்தபோது இரண்டாவது தட்டு சொருகும் பொந்தின் வாயில் காய்ந்த செவ்வந்தி இதழ் ஒன்று ஒட்டியிருந்தது. ஊதித் தள்ளினாள். பூஜை முடிந்து, சொருகி, ஆன் செய்தோம். மறுபடியும் கத்தியது. இந்தத் தடவை பதிவுகளைத் திறந்து பார்த்தேன்.

ஒரு வருட வேலையைக் காணவில்லை. போன பூஜைக்குப் பிறகு நான் இறக்கிய ஒரு போர்கூட இல்லை. கடைசியாக இருந்த தேதி போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள். அந்த வருடமே நடக்காததுபோல இருந்தது. வரிசையில் மேலே தேடிக்கொண்டே போனேன். நான் அழித்த அந்த மாசி மாதப் பதிவு, அதே தேதியோடு, பழைய இடத்திலேயே இருந்தது.

என் மனைவியைக் கூப்பிடவில்லை.

இந்தத் தடவை கடைக்காரருக்குப் போன் செய்தேன். பண்டிகை நாள் என்றும் பாராமல் பொறுமையாகக் கேட்டுச் சொன்னார். போன வருடம் பூ இதழ் தடுத்ததில் இரண்டாவது டிஸ்க் சரியாக உட்காரவில்லை. அன்றிலிருந்து முதல் டிஸ்க் மட்டும்தான் ஓடியிருக்கிறது. இரண்டாவது, அன்று இருந்தபடியே தூங்கியிருக்கிறது. இந்த வருடம் அது சரியாக உட்கார்ந்துவிட்டது, முழுக்கத் தள்ளாததால் முதலாவது உட்காரவில்லை.

"பயப்படாதீங்க. மொதல் டிஸ்க்குல உங்க ஒரு வருச வேலையும் பத்திரமா இருக்கும். நிறுத்திட்டு, மொதல்ல அத மட்டும் போட்டு ஆன் பண்ணுங்க. எல்லாம் வந்ததும் இந்தப் பழசச் சொருகி ரிப்பேர் குடுங்க. பழசு மேல புதுசு ஏறிக்கும், ரெண்டும் ஒண்ணாயிரும்."

"பழசுல இருக்கறது?"

"அழிஞ்சிரும்ங்க. வேணும்ன்னா முன்னாடியே காப்பி எடுத்துக்கோங்க. எதாச்சும் வேணுங்களா அதுல?"

போனை வைத்தேன்.

அவர் சொன்னபடி தட்டுகளைச் சொருகினால் போதும், அந்தப் பதிவு மறுபடி அழிந்துவிடும். யாருக்கும் தெரியாது. என் மனைவி உள்ளே சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். நிறுத்துவதற்கு முன்னால், அந்தப் பதிவைத் திறந்தேன். எதற்கென்று இன்றும் தெரியவில்லை. என் வார்த்தையைத் தாண்டி, முதல் தடவையாக, மேலே கேட்டேன்.

அறுநூத்தி ஐம்பது. அறுநூத்தி அறுபது. பிறகு அவர் உட்காருகிற சத்தம். தோட்டத்துக்காரர் ஓடி வருகிறார். கேமராவை ஏத்திட்டு வா என்கிறார் அண்ணன். கார்க் கதவு சாத்துகிறது. திரையில் அறுநூற்று அறுபது அடி ஆழத்து இருட்டு, அசையாத பாறை. கார் திரும்ப இடமில்லாமல் வரப்பை ஒட்டின தடத்தில் ரிவர்ஸிலேயே மெல்லப் போகிறது, இன்ஜின் முனகுகிறது. பிறகு படம் மேலே ஏற ஆரம்பிக்கிறது. நான் சுற்றுகிறேன்.

மைக்கில் அண்ணன் குரல், மிக மெதுவாக. "அறுநூத்தி ஐம்பது."

காருக்குள் இருந்து, கேபிளைத் தொடாமல், எண்ணிக்கொண்டிருந்தார்.

நான் உருளை சுற்றிப் பழகியவன் இல்லை. இழுத்து இழுத்துச் சுற்றினேன், ஓரிடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். திரையில் பாறை நின்றது. குரலும் நின்றது. மறுபடி சுற்றினேன். "அறுநூத்தி நாப்பது. அறுநூத்தி முப்பது." இறங்கும்போது அறுநூற்று இருபதில் இடதுபக்கம் தண்ணீர் கசிகிற ஒரு கீறலை அண்ணன் சொல்லியிருந்தார். அந்தக் கீறல் திரையின் இடது ஓரத்தில் வந்து நின்றபோது, "அறுநூத்தி இருவது" என்றது குரல். அதற்கப்புறம் மைக் எட்டாத தூரத்துக்குக் கார் போய்விட்டது. வெறும் இரைச்சல்.

வாசலில் செருப்புச் சத்தம். நங்கை பொரியும் கடலையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். "ஏனுங்க தம்பி, பூசை ஆச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர்கள், திரையில் இருந்த தேதியைப் பார்த்து நின்றார்கள்.

"அன்னைக்கு ஆன் பண்ணலீன்னு சொன்னது பொய்ங்க நங்கை" என்றேன். "இதுல என் கொரலும் இருக்குதுங்க. கேட்டுட்டு நீங்க என்ன சொன்னாலும் சரிங்க."

முதலிலிருந்து ஓட்டினேன். ஓடும்போது நான் நங்கையைப் பார்க்கவில்லை. பெட்டியின் முகத்தில் இருந்த பொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதுப் பொட்டு இன்னும் ஈரமாக இருந்தது. அதன் ஓரத்தில் ஆரஞ்சாக வெளிச்சம் கசிந்தது. "இன்னும் நூத்தம்பது அடிதானுங்ணா" என்று என் குரல் வந்தபோது பொரிப் பை ஒருமுறை சரசரத்தது. அவ்வளவுதான். இரைச்சல் வந்ததும் நிறுத்தினேன்.

நங்கை பெட்டிக்கு அருகில் வந்தார்கள். பிறகு, "இது இருக்கற டிஸ்க்கக் குடுங்க" என்றார்கள்.

பெட்டியை நிறுத்தி, உருவிக் கொடுத்தேன். சந்தனப் பொட்டு கலையாமல் முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். பொரியை மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அதன்பிறகு ஐந்து மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வழியில் பார்த்தால் என் மனைவியிடம் மட்டும் பேசினார்கள். நான் முதல் டிஸ்க்கை மட்டும் போட்டு ஓட்டினேன். இரண்டாவது பொந்து காலியாகவே கிடந்தது. புது டிஸ்க் வாங்கிப் போடலாம். ஏனோ கை வரவில்லை. ஆரஞ்சு விளக்கை மறைக்காமல் துடைத்து வைத்திருந்தேன்.

பங்குனியில் ஒருநாள் நங்கை வந்தார்கள். உட்காரவில்லை. முந்தானையிலிருந்து டிஸ்க்கை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். பொட்டு இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணா வெச்சிருக்கக் கூடாதுன்னு அந்தக் கடைக்காரரு சொன்னாருங்களே தம்பி. இதக் காப்பி எடுத்துக் குடுங்க. ஒண்ணு எங்கூட்ல இருக்கட்டும். ஒண்ணு இங்கயே, உங்ககிட்டயே இருக்கோணும்."

"இங்கயுங்களா?"

"ஆமாங்க. நீங்களும் வெச்சிருக்கோணும்."

மறுநாளே ஃபேர்லேண்ட்ஸ் போய், பழைய டிஸ்க்கிலிருந்து இரண்டு காப்பி எடுத்துவந்தேன். காப்பியைத் திறந்து கடைசிவரை ஓட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா? பார்த்தேன். எண்ணிக்கை நின்ற பிறகும் படம் ஓடுகிறது. ஐந்நூறு அடி, நானூறு அடி, சொல்ல ஆள் இல்லாமல் பாறை ஏறிக்கொண்டே இருக்கிறது. பிறகு இரும்புக் குழாய். பிறகு வெளிச்சம். வாயிலிருந்து வெளியே வந்த கேமரா காற்றில் சுழன்று என் முகத்தைக் காட்டுகிறது. வேர்த்திருக்கிறேன். லேசாகச் சிரித்திருக்கிறேன். கேமரா கல்லில் சிக்காமல் வந்துவிட்டதே, அண்ணன் கேட்டால் சந்தோஷப்படுவார் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.